கொண்டைக்கு இரண்டு விரல்

வெள்ளிமலைப் பக்கம் ஒரு வீட்டில் நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வரிசை போடாமல் எனக்கு எதையும் சொல்ல வராது.

1. சின்னப்பொண்ணு என்கிற பெண்ணின் உயரத்தையும் எடையையும் எங்கள் கணக்கெடுப்புக் குழு அளந்தது. அன்று நான் அங்கே இல்லை.

2. சில மாதம் கழித்து அவள் உண்டானாள்.

3. நாங்கள் எழுதிக் கொடுத்த எண்ணை நம்பி, மலை நர்ஸ் அவளை ஆபத்தில்லாத கர்ப்பிணி என்று முடிவு செய்தார்.

4. அளவுகளைச் சரிபார்க்க நான் போனேன். அவளும் நானும் எதிரெதிரே நின்றோம். அவள் கண்ணும் என் கண்ணும் ஒரே மட்டத்தில் இருந்தன.

5. எங்கள் கணக்குப்படி அப்படி இருக்க வழியே இல்லை.

வாசலில்

அவள் வாசலில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள். கிழங்குப் பாலும் ஈர மண்ணும் கலந்த வாடை. எங்களைப் பார்த்ததும் கத்தியை வைத்துவிட்டு, ஒரு கையை முழங்காலில் ஊன்றி எழுந்தாள்.

"இன்னாக்கா, மறுபடியும் அளக்கணுமா? அப்பவே அளந்துக்கினு போனீங்களே."

"சும்மா ஒரு தடவை சரிபார்க்கத்தான்."

பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஏதோ உறுத்தியது. யாரிடம் பேசினாலும் என் முகவாய் சற்றுத் தூக்கித்தான் இருக்கும். என் உயரம் நூற்று நாற்பத்தேழு சென்டிமீட்டர். பள்ளிக்கூடப் பிரேயரில் வரிசையின் முதல் ஆள் நான்தான். திருக்கோவிலூர் பஸ்ஸில் மேல் கம்பி எனக்கு எட்டியதே கிடையாது. சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டே டிப்ளமோவை முடித்தவள். ஒருவர் என்னைவிட எவ்வளவு உயரம் என்பது என் கழுத்துக்குத் தெரியும்.

அன்று என் கழுத்து நேராக இருந்தது. கையிலிருந்த டேப்லெட்டில் அவள் உயரம் நூற்று ஐம்பத்திரண்டு என்றிருந்தது.

இருவரும் வெறுங்கால். தரையில் ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். மேடு பள்ளம் இல்லை. பிறகுதான் அவள் தலையைப் பார்த்தேன். உச்சியில் இறுக்கிச் சுற்றிய கொண்டை, ஒரு மாதுளம்பழ அளவுக்கு இருந்தது.

என் வேலை

என்னைத் தெரியாதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். நான் படித்தது கருவிகளைப் பற்றிய படிப்பு. நாட்டில் எத்தனை பேர் ஒல்லி, எத்தனை பேர் பருமன் என்று வீடு வீடாகப் போய் அளக்கும் ஒரு கணக்கெடுப்பில், கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் குழுவோடு இருந்தேன். எடை மெஷின்கள் சரியாகக் காட்டுகின்றனவா, உயரப் பலகை நேராக நிற்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. அளந்து முடித்த வீடுகளில் சிலவற்றுக்குத் திரும்பப் போய் அளந்து பார்ப்பதும் உண்டு.

அளக்கும் விதம் எளிது. பலகையில் முதுகை ஒட்டி நிற்க வேண்டும். மேலேயிருந்து ஒரு சிறு கட்டையை இறக்கினால் அது தலையைத் தொடும் இடம்தான் உயரம். கட்டைக்குத் தலை எது, கொண்டை எது என்று தெரியாது.

அந்த வீட்டை முதலில் அளந்தவள் ரேவதி. கச்சிராயபாளையத்துப் பெண், என்னைவிடச் சின்னவள், நடையில் யாரும் அவளைப் பிடிக்க முடியாது. சரிபார்க்கப் போன அன்று அவளும் என்னோடு வந்திருந்தாள். தனியாக அழைத்துப்போய்க் கேட்டேன்.

"கொண்டையோடவா அளந்த?"

"ரெண்டு விரல் கழிச்சிட்டேன்க்கா."

"எந்தக் கணக்கு அது?"

"நாங்க எல்லாரும் பேசி வெச்சிக்கினதுதான். பொம்பளைங்கன்னா கொண்டைக்கு ரெண்டு விரல். வாசல்ல நிக்க வெச்சி தலைய அவுருன்னு சொன்னா வெளக்குமாத்தாலயே அடிப்பாங்கக்கா. சாவு வூட்லதான் அப்டி நிப்பாங்க."

"பின்கழுத்துல கொண்டை போட்டவங்களுக்கு? கட்டை அங்க படவே படாதே."

ரேவதி யோசித்தாள். "அவங்களுக்கும் ரெண்டு விரல்தான். ஆளுக்கு ஒரு நியாயம் வெக்க முடியுமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. டேப்லெட்டைத் திறந்து அந்த ஊரில் எத்தனை பெண்களை அளந்திருக்கிறோம் என்று எண்ணத் தொடங்கினேன்.

உயரம் இரண்டு முறை வரும்

பி.எம்.ஐ. என்று எல்லோரும் சொல்கிறோம். எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் ஒரு முறை வகுத்து, வருவதை அதே உயரத்தால் இன்னொரு முறை வகுத்தால் கிடைப்பதுதான் அந்த எண். உயரம் இரண்டு முறை வருவதால் உயரத்தில் செய்த தப்பும் இரண்டு முறை வரும்.

சின்னப்பொண்ணின் எடை அறுபத்தாறு கிலோ. உண்டாவதற்கு முன் எடுத்தது. வயிற்றில் பிள்ளை வந்த பிறகு எடுக்கும் எடையை இந்தக் கணக்கில் போடக் கூடாது. உயரம் நூற்று ஐம்பத்திரண்டு என்றால் எண் இருபத்தெட்டரை. என் உயரமோ அதற்குச் சற்றுக் குறைவோ என்றால் முப்பதைத் தாண்டிவிடும்.

அந்த முப்பது ஒரு கோடு. உலகம் முழுக்க முப்பதுக்கு மேல் பருமன் என்று எழுதுகிறார்கள். நம் மாதிரி உடம்புகளுக்குச் சர்க்கரையும் பிரஷரும் முன்னாலேயே வந்துவிடுவதால் கோட்டை இன்னும் கீழே போட வேண்டும் என்று சொல்லும் டாக்டர்கள் உண்டு. கோடு நகர்ந்தால், ஒரு இட்லிகூடக் கூடுதலாகத் தின்னாமலே நாட்டில் பருமனானவர்கள் கூடிவிடுவார்கள். சதவீதம் என்று பேப்பரில் படிக்கும்போது கோடு எங்கே என்று நான் முதலில் தேடுவேன். வீட்டில் இதைச் சொன்னால் அம்மா, "ஒனக்கு மொதல்ல ஒடம்பு போடட்டும், அப்பறம் கோடு போடலாம்" என்பாள்.

நம் நர்ஸ் வைத்திருந்த வரம்பு முப்பது. அதைத் தாண்டிய கர்ப்பிணி மாதம் ஒரு முறை மலையிறங்கிப் பெரிய டாக்டரைப் பார்க்க வேண்டும். பிரசவமும் கீழே கள்ளக்குறிச்சியில்தான். தாண்டாதவர்கள் மலையிலேயே பெற்றுக்கொள்ளலாம்.

நர்ஸிடம் போய்ச் சொன்னேன். அவரிடம் எடை மெஷின் இருந்தது, உயரப் பலகை பழுதுக்குப் போயிருந்தது.

"பாத்தாலே தெரியுதும்மா, ஒடம்பு ஜாஸ்தின்னு. ஆனா மெஷின் வெச்சி அளந்து நீங்களே இருபத்தெட்டுன்னு எழுதிக் குடுத்தா, நான் எதச் சொல்லி அவள கீழ அனுப்பறது? அந்த மாமியா என்ன நிக்க வெச்சி கேக்கும்," என்றார்.

அந்த மாமியா

பூங்காவனம் என்று பெயர். காதில் பெரிய கம்மல், வாயில் எப்போதும் வெற்றிலை. நான் விஷயத்தை மெதுவாக ஆரம்பித்தேன். முழுக்கச் சொல்ல விடவில்லை.

"எம் மருமவ ஒடம்புமேல கண்ணு வெக்காத. நான் இந்த வூட்டுக்கு வந்தப்ப எல்லாரும் எலும்புந்தோலுமா இருந்தாங்க. இவ ஒருத்திதான் சோறு துன்ன ஒடம்பா கீறா. அது ஒனக்குப் பொறுக்கல?"

"கண்ணு வைக்கலைங்க. உயரத்தைத்தான் சரியா அளக்கணும். கொண்டையை அவிழ்த்தா..."

"தலைய விரிச்சிக்கினு வாசல்ல நிக்க, இங்க இன்னா எழவா வுழுந்துச்சி? எம் புள்ள கேரளாவுல மெளகு பறிச்சிக்கினு கீறான். இவ வவுத்துல புள்ள. போ பாப்பா, கீழ போயி அங்க இருக்கறவங்கள அள."

உள்ளே போய் அளக்கலாம் என்றேன். வீட்டுக்குள் என் பலகை நேராக நிற்கவில்லை, கூரை தடுத்தது. சின்னப்பொண்ணு கிழங்கு உரிக்க உட்கார்ந்துவிட்டாள். திரும்பிப் போகும்போது வேலி வரை வந்தாள்.

"எனக்கும் வாணாங்கா. கீழ போனா ஒரு நாள் பூரா போயிடுது. கெழங்கு புடுங்கற நேரம். மாட்ட யாரு பாப்பாங்க?"

"தலைவலி ஏதாவது வருதா?"

"அது வருது. வெயில்தான்."

வெயில் அன்று இல்லை. மலையில் மூன்று நாளாக மூட்டம்.

வெல்லம்

கீழே இறங்கும் பஸ்ஸில் எங்கள் மேலாளருக்குப் போன் செய்தேன். வளைவுக்கு வளைவு சிக்னல் அறுந்தது. ரேவதியின் இரண்டு விரலைச் சொன்னேன். அவர் பொறுமையான மனிதர்.

"உச்சிக் கொண்டைக்காரங்களுக்கு உயரம் கூடியிருக்கு. பின்கொண்டைக்காரங்களுக்குக் கொறஞ்சிருக்கு. அப்படித்தானே?"

"ஆமா சார்."

"அப்ப சரியாப் போச்சில்ல? ஒண்ணுக்கொண்ணு அடிச்சிக்கும்."

"ஊருக்கு அடிச்சிக்கலாம் சார். சின்னப்பொண்ணுக்கு?"

அடுத்த வளைவு வந்துவிட்டது.

ரிஷிவந்தியம் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் கரும்பு உண்டு. நான் சிறுமியாக இருந்தபோது பெரியப்பா கொட்டகையில் வெல்லம் காய்ச்சுவார்கள். சூட்டோடு சூடாக உருண்டை பிடிப்பார்கள். ஒன்று பெரிதாக வரும், ஒன்று சிறிதாக வரும். மூட்டை கட்டித் தராசில் போட்டால் எடை சரியாக நிற்கும். வியாபாரிக்கு அது போதும். ஆனால் பொங்கலுக்கு உருண்டை ஒன்று என்று வீட்டுக்கு வீடு கொடுத்தபோது, சின்ன உருண்டை கிடைத்த பக்கத்து வீட்டு அத்தை எங்கள் அம்மாவோடு தை மாதம் முழுக்கப் பேசவில்லை. மூட்டை எடை சரிதான் என்று பெரியப்பா விளக்கிப் பார்த்தார். "மூட்டையவா நான் வாங்கினேன்?" என்று அத்தை கேட்டார்.

பாலிடெக்னிக்கில் சராசரி பற்றி நடத்தியபோது எனக்கு அந்த அத்தையின் முகம்தான் வந்தது. அந்தப் பஸ்ஸிலும் வந்தது. உட்கார முடியவில்லை. சீட் காலியாக இருந்தும் எழுந்து நின்றுகொண்டேன்.

நுனி முடிச்சு

அந்த வாரம் எனக்கு எதிலும் கை ஓடவில்லை. சரியாக இருந்த மெஷின்களையே மறுபடி மறுபடி சோதித்தேன். சாப்பிட உட்கார்ந்தால் மனது வகுத்துக்கொண்டிருக்கும். நூற்று நாற்பத்தெட்டு என்றால் முப்பதைத் தொட்டுத் தாண்டும். நூற்று நாற்பத்தொன்பது என்றால் தாண்டாது. ஒரு சென்டிமீட்டரில் அவள் மலையா கீழா என்று முடிவாகிவிடும். என் கண் பார்த்த மட்டம் அவ்வளவு துல்லியமா?

இன்னொன்றும் குடைந்தது. சின்னப்பொண்ணு வீட்டுக்குப் பின்னால் சாமை விதைத்திருந்தார்கள். அது மூட்டையாகக் கீழே வந்து, கண்ணாடிக் கடைகளில் அழகான பாக்கெட்டில், உடம்பைக் குறைக்க நினைப்பவர்களுக்கு விற்கிறது. அவள் சாப்பிடுவது ரேஷன் அரிசி, பாமாயில், சந்தையில் வாங்கும் பொரை ரொட்டி, சர்க்கரை கொட்டிய டீ. மலைக்காரர்கள் என்றால் ஒல்லி என்று மனதில் எழுதிவைத்துக்கொண்டு ஏறினால், அங்கே ஒருத்தி பருமனாக இருப்பாளோ என்று சந்தேகப்படவே தோன்றாது.

வெள்ளிக்கிழமை காலையில் பல் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தேன். அம்மா வாசலில் நின்று பூக்காரியோடு பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

"முழம் போடறியா, விரல் போடறியா? ஒங் கை வர வர கட்டையாயிக்கினே போவுது."

"என் கை அதேதான். ஒனக்குத்தான் தலை பெருத்துப் போச்சி."

அம்மா தலை முழுகியிருந்தாள். ஈரக் கூந்தல் இடுப்பு வரை விரிந்து கிடந்தது, நுனியில் மட்டும் ஒரு சின்ன முடிச்சு. நடுவாசலில், தெருவே பார்க்க, தலையை விரித்துக்கொண்டு நிற்கிறாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அப்படித்தானே நிற்பார்கள்.

வாயில் நுரையோடு ரேவதிக்குப் போன் போட்டேன்.

அடுத்த வெள்ளி

முதல் பஸ்ஸில் ஏறினோம். அளக்க வருகிறோம் என்று முன்னால் சொல்லவில்லை. நர்ஸ் மட்டும் கூட வந்தார்.

நான் நினைத்தது பாதிதான் நடந்தது. சின்னப்பொண்ணு தலை முழுகியிருந்தாள், நுனி முடிச்சோடு வெயிலில் நின்று காயவைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் பலகையைப் பார்த்ததும் பூங்காவனம் குறுக்கே வந்து நின்றுவிட்டார்.

"நீ வுட மாட்டியா?"

"வெள்ளிக்கிழமைதானேங்க. முடிச்சுப் போட்டிருக்காங்க. இப்படியே நின்னா போதும், எதையும் அவிழ்க்க வேண்டாம்."

அவர் மருமகளின் கூந்தலைப் பார்த்தார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ மொதல்ல நில்லு. ஒனக்கு சரியாச் சொல்லுதான்னு பாக்கறேன்."

நின்றேன். ரேவதி கட்டையை இறக்கினாள். நூற்று நாற்பத்தேழு.

"இவ்ளோதானா நீ?" என்று பூங்காவனம் வெற்றிலைச் சாறு தெறிக்கச் சிரித்தார். "இந்த ஒசரத்த வெச்சிக்கினு ஊரு ஒசரத்த அளக்க வந்துட்டா!"

அந்தச் சிரிப்பில் வழி விட்டார். சின்னப்பொண்ணு பலகையில் ஏறி நின்றாள். குதிகால், பின்புறம், தோள் எல்லாம் ஒட்டியிருக்கின்றனவா என்று ரேவதி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். கட்டை ஈரத் தலையில் அழுந்தி நின்றது.

"நூத்தி நாப்பத்தாறு," என்றாள் ரேவதி. அவள் குரல் இறங்கிவிட்டது.

"ஆறு கொறஞ்சி போச்சா? தேஞ்சிட்டனா நானு?" என்று சின்னப்பொண்ணு சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள். "அப்ப நான் குண்டாக்கா?"

எண்ணைச் சொன்னேன். முப்பத்தொன்று. அந்த எண் அவளைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்றும், டாக்டர் ஒரு முறை பார்க்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லும் என்றும் சொன்னேன். நர்ஸ் அங்கேயே கையில் பட்டை சுற்றிப் பிரஷர் பார்த்தார். சற்று உட்காரவைத்து மறுபடி பார்த்தார். இரண்டு முறையும் கூட இருந்தது.

"தலைவலி வெயில்ல வரல, சின்னப்பொண்ணு," என்றார்.

பூங்காவனம் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். சிரிப்பு போயிருந்தது.

"கீழ போனா புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதா?"

"போகாம இருந்தாத்தான் பயம். போனா பாத்துப்பாங்க," என்றார் நர்ஸ்.

"மாட்ட நான் பாத்துக்கறேன்," என்றார் மருமகளிடம். "கெழங்கு எங்கயும் ஓடிப் போவாது. எழுந்து பொடவய மாத்து."

அன்றே இறங்கினோம். பஸ்ஸில் ஜன்னலோரம் சின்னப்பொண்ணு, பக்கத்தில் நான். முதல் வளைவிலேயே அவள் தலையை அள்ளி உச்சியில் கொண்டை போட்டுக்கொண்டாள். மாதுளம்பழம் மறுபடி முளைத்தது. ரேவதி அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

இப்போதைய நிலை

சின்னப்பொண்ணுக்கு இது ஏழாவது மாதம். மாத்திரையில் பிரஷர் அடங்கியிருக்கிறது. மாதம் ஒரு முறை இறங்குகிறாள். கடைசி வாரங்களில் கள்ளக்குறிச்சியில் தங்கவும், பிரசவம் அங்கேயே நடக்கவும் ஏற்பாடு ஆகியிருக்கிறது. கணவர் அப்போது வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். டீயில் சர்க்கரையைக் குறைத்திருக்கிறாள். சாமையில் கொஞ்சம் வீட்டுக்கென்று எடுத்துவைத்திருப்பதாகப் பூங்காவனம் போனில் சொன்னார்.

எங்கள் குழு இப்போது மலைக்கு வெள்ளிக்கிழமைகளில் போகிறது. ரேவதி விரல் கழிப்பதில்லை.

முன்பு அளந்த மற்ற பெண்களை மறுபடி அளக்க அனுமதி கேட்டேன். அந்த ஊரின் அளவுகள் எல்லாம் ஏற்கெனவே மேலிடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன என்று பதில் வந்தது. அவர்களில் உண்டானவர்கள் தன்னிடம் வந்தால் உயரத்தைப் புதிதாக அளந்துகொள்வதாக நர்ஸ் சொல்லியிருக்கிறார். அவருடைய பலகை பழுது பார்த்து வந்துவிட்டது. நானே போய்ச் சோதித்தேன்.

திருத்தச் சொல்லி எழுதியதற்கு இதுவரை பதில் இல்லை. நாட்டின் கணக்கில் சின்னப்பொண்ணு இன்னும் நூற்று ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர் உயரம்.